மல்லாட்டைக் கொல்லையில் கூறைப்புடவை

அந்துருண்டை வாசனையோடு அம்மா பீரோவிலிருந்து தன் அரக்கு நிறக் கூறைப்புடவையை எடுத்தாள். மல்லாட்டைக் கொல்லைகளில் நடக்கும் நிலக்கடலை அறுவடையைப் படமெடுக்க நாளைக்கு டிவிக்காரர்கள் எங்கள் ஊருக்கு வருகிறார்கள். அனந்தபுரத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊரை எப்படித்தான் கண்டுபிடித்தார்களோ! "பருத்திப் புடவையே போதும்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வாசனை என்னைத் தடுத்தது.

எனக்கு எட்டு வயதிருந்தபோதும் இப்படி ஒரு டிவிக்காரர் வந்தார். அம்மா இதே புடவையும் தலை நிறையக் கனகாம்பரமுமாகக் கொல்லையில் இறங்கினாள். அவர் சிரித்துவிட்டார்.

"பழைய புடவை கட்டிட்டு வாங்கம்மா. அப்பதான் விவசாயின்னு தெரியும்."

"டிவி வழியா எத்தினி பேரு வூட்டுக்குள்ள போவப் போறேன். அழுக்குத் துணிய கட்டிக்கினா போவாங்க?"

அவர் பக்கத்துக் கொல்லை அத்தையைப் படமெடுக்கப் போய்விட்டார். அம்மா வீட்டுக்குப் போகவில்லை. கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு பொழுது சாயும்வரை செடி பிடுங்கினாள்.

ஒளிபரப்பான அன்று பஞ்சாயத்து டிவியில் திரை நிறைய அத்தைதான். அவளுக்குப் பின்னால், தூரத்தில், குனிந்தபடி ஓர் அரக்குப் புள்ளி. "அதோ, நான்தான்" என்று அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

"குடும்மா, இஸ்திரி போட்டுத் தர்றேன்" என்று இப்போது அவள் கையிலிருந்த புடவையை வாங்கி விரித்தேன். கீழ்க்கரையில் அன்றைய செம்மண் அப்படியே ஏறியிருந்தது.

"கறை இருக்கேம்மா."

"இருக்கட்டும்டி. விவசாயின்னு தெரிய வேணாமா?"