படுத்துக்கொண்டு போன குண்டு

எங்கள் கோர்ப்பிலா ஊர் வேட்டைக் குழுவில் பதினோரு பேர். ஆளுக்கொரு நிலை உண்டு. நிலை என்றால் சதுப்பின் விளிம்பில் எண் எழுதிய ஒரு பலகை, உட்கார ஒரு மரத்துண்டு, அவ்வளவுதான். ஆனால் ஏழாம் நிலையைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஆட்கள் குரலைத் தாழ்த்துவார்கள். நாய் விரட்டும் மூஸ் மான் பத்தில் எட்டு முறை அந்த வழியாகத்தான் வரும். இருபத்தேழு வருஷமாக அங்கே உட்கார்ந்திருப்பவர் கௌக்கோ. நகராட்சியின் பனி அள்ளும் வண்டியை ஓட்டுபவர், வயது அறுபத்திரண்டு. எட்டாம் நிலைக்காரர் அவருடைய மனைவி தைமியின் அண்ணன் ஆர்வி. எட்டாம் நிலைக்கு இதுவரை வந்த பெரிய விலங்கு கொசு.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இலக்கில் சுட்டுக் காட்டி வேட்டை அட்டை வாங்க வேண்டும். எழுபத்தைந்து மீட்டர் தூரத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டம், அதற்குள் நாலு குண்டு. அட்டை இல்லாதவர் துப்பாக்கியைத் தொடக்கூடாது. காபிக் கெண்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். அவருடைய நிலை பக்கத்து நிலைக்காரருக்குப் போகும். அந்த வருஷம் இலையுதிர்கால வேட்டைக்கு முன்பே கௌக்கோவின் பழைய அட்டை முடிகிறது. தேர்வு நடத்தும் நடுவர் ஆர்வி. இதில் ஏதோ இடிக்கிறதே என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஊரில் நடுவர் சான்றிதழ் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான்.

வினையைக் கௌக்கோவே இழுத்துக்கொண்டார். மகள் கர்ப்பமாக இருந்தாள். ஈயக் குண்டு பட்ட இறைச்சியில் ஈயத்தூள் இருக்கும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்று சுகாதார நிலையத்தில் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்திருந்தார்கள். குழுக் கூட்டத்தில் கௌக்கோ எழுந்து, இனி எல்லோரும் செம்புக் குண்டுதான் போட வேண்டும் என்றார். அவர் கூட்டத்தில் பேசியது அது இரண்டாம் முறை. முதல் முறை ஜன்னலைச் சாத்தச் சொன்னார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பதினொன்றரை கிராம். பழைய ஈயக் குண்டும் அதே பதினொன்றரை. எடை ஒன்றாக இருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்பது அவர் கொள்கை. உருளைக்கிழங்கு விஷயத்தில் அது பொய்த்ததே இல்லை.

பயிற்சியில் மற்றவர்களுக்குச் செம்பு ஒத்துப்போனது; கௌக்கோவின் குண்டுகள் மட்டும் தட்டைத் தவிர எல்லா இடத்துக்கும் போயின. ஊர் உடனே மருத்துவமனையாக மாறியது. ஒருவர் கண் என்றார், ஒருவர் காபி என்றார், இன்னொருவர் சவுனா நீராவி அறையில் அதிக நேரம் இருப்பதால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று ஆதாரத்தோடு விளக்கினார். தைமி காபி டப்பாவை ஒளித்துவைத்தாள். கௌக்கோ எழுபது கிலோமீட்டர் போய்க் கண்ணாடி வாங்கி வந்தார். அதற்குப் பிறகு குண்டு விலகிப் போவது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. யாரும் துப்பாக்கியைச் சந்தேகிக்கவில்லை. நாற்பது மூஸைச் சாய்த்த துப்பாக்கியைச் சந்தேகிப்பதைவிட மனிதனைச் சந்தேகிப்பது எங்களுக்கு எளிது.

செப்டம்பரில் கடைசித் தேர்வு நாள். கௌக்கோ நாலு சுட்டார். மூன்று குண்டுகள் வட்டத்துக்குள், ஒன்றோடொன்று சண்டை போட்டவர்கள் மாதிரி மூலைக்கொன்றாக. நாலாவது கோட்டுக்கு வெளியே. ஆனால் அந்த ஓட்டை வட்டமாக இல்லை. பாதாம் பருப்பு போல நீளமாக இருந்தது. அதன் ஒரு நுனி கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கோட்டைத் தொட்டால் உள்ளே என்பது விதி. ஆர்வி விதிப்புத்தகத்தை முன்னிருந்து பின்னும், பின்னிருந்து முன்னும் படித்தார். ஓட்டை அளக்கும் கட்டையை நுழைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் இடித்தது, ஒரு பக்கம் ஆடியது. நாங்கள் சாஸேஜ் சுட்டுத் தின்று முடித்தோம். எட்டாம் நிலையில் பதினொரு வருஷமாகக் கொசு மட்டும் பார்த்த மனிதர், ஏழாம் நிலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, பேனாவை எடுத்தார்.

"ஓட்டை உருண்டையா இருக்கணும்னு புத்தகத்துல எங்கயும் போடல," என்றார். "தொட்டிருக்கு. பாஸ்."

எல்லோரும் கை கொடுத்தோம். கௌக்கோ மட்டும் இலக்குத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் தாளை மேஜையில் விரித்தார். சும்மா இருக்க முடியாமல் ஒரு செம்புக் குண்டை எடுத்து அந்த ஓட்டையின் மேல் படுக்கவைத்தார். அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது. மற்ற மூன்றும் அப்படித்தான்; உள்ளே விழுந்ததால் அவற்றை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. குண்டு மூக்கால் போகவில்லை, விலாவால் போயிருக்கிறது.

தைமி ஈயக் குண்டு ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தினாள். "ஏங்க, செம்பு அரை விரல் நகத்தளவு கூடுதலா நீண்டிருக்கே. கடையில நீளத்தைப் பாக்கலையா?"

"எடையப் பாத்தேன்."

"என்னையும் அப்படித்தான் பாத்துக் கட்டிக்கிட்டீங்களா?"

ஈயம் கனமானது, குட்டையாக இருந்தாலே எடை வந்துவிடும். செம்பு அதே எடைக்கு நீண்டாக வேண்டும். கௌக்கோ துப்பாக்கி துடைக்கும் கம்பியில் துணியை இறுக்கிச் சுற்றிக் குழலுக்குள் தள்ளினார். குழலின் உள்ளே வெட்டிய புரிகள் துணியைப் பிடித்துத் திருப்பின; கம்பி சுழன்றுகொண்டே போனது. ஒரு முழுச் சுற்று முடிவதற்குள் முப்பத்தாறு சென்டிமீட்டர் ஓடிவிட்டது. சோம்பேறிச் சுற்று. குட்டைப் பம்பரம் மெதுவாகச் சுற்றினாலும் நிற்கும். நெட்டைப் பம்பரத்தை வேகமாகச் சுற்றிவிட்டால்தான் நிற்கும், இல்லாவிட்டால் தலை சாய்ந்துவிடும். நாற்பது மூஸையும் சாய்த்த அந்தப் பழங்காலக் குழல் குட்டைக் குண்டுக்காகப் பிறந்தது.

மறுநாள் காலை கௌக்கோ ஆர்வியின் வீட்டுக்குப் போய் அட்டையை மேஜைமேல் வைத்தார்.

"இத வாங்கிக்கோங்க மச்சான்."

"திருப்பி வாங்குறதுக்குப் படிவம் இல்ல மாப்ள. நீங்க பாஸ்."

"நான் பாஸு. குண்டு படுத்துக்கிட்டுல்ல போவுது. தாளு கத்தாது. மூஸு வயித்துல பட்டு மூணு நாள் சதுப்புல கெடந்து சாவும்."

"வேற குண்டு போட்டுக்கோங்களேன். அட்டைதான் கையில இருக்கே."

"ஈயம் வேணாம்னு நானே சொன்னவன். குட்டையா, மொக்க மூக்கோட ஒரு செம்புக் குண்டு வருதாம். எடை கம்மி, ஆனா சட்டம் கேக்குறதுக்குக் கொஞ்சம் மேல. வசந்தத்துலதான் வரும். அதுல சுட்டு வாங்குறேன். அதுவரைக்கும் ஏழுல நீங்க உக்காருங்க."

ஆர்வி அட்டையை இருபுறமும் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை விதிப்புத்தகத்துக்குள் வைத்து மூடினார். படிவம் இல்லாமல் அவர் செய்த முதல் காரியம் அது என்று அவர் மனைவி இன்றும் சொல்கிறாள்.

அக்டோபரில் வேட்டை தொடங்கியது. ஆர்வி ஏழாம் நிலையில், புதுத் தொப்பியோடு, மூச்சைக்கூடக் கணக்காக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கௌக்கோ கெண்டியோடு காலியாகக் கிடந்த எட்டாம் நிலைக்குப் போனார். அங்கே காற்று அடிக்காது, அடுப்பு மூட்ட வசதி. நாயின் குரைப்பு ஏழை நோக்கி வந்தது, நெருங்கியது, பிறகு எதையோ நினைத்துக்கொண்டதுபோல் வளைந்து அப்பால் போனது.

மதியம் ஆர்வி எட்டாம் நிலைக்கு வந்து ஒரு கோப்பை காபி வாங்கிக்கொண்டார்.

"நாய் இந்தப் பக்கமா வந்த மாதிரி இருந்துச்சே."

"வந்துச்சு. முன்னால மூஸும் வந்துச்சு. பெருசு."

"எவ்ளோ தூரத்துல?"

கௌக்கோ கெண்டியைக் காட்டி, பிறகு எதிரே இருந்த பிர்ச் மரத்தைக் காட்டினார். இருபதடி இருக்கும். "நின்னு பாத்துச்சு. நானும் பாத்தேன். சக்கரை போடட்டுமான்னு கேக்கலாம்னு நெனைச்சேன், போயிடுச்சு."

ஆர்வி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மரத்தடிக்குப் போய்க் குளம்புத் தடத்தைக் குனிந்து பார்த்தார்.

மே மாதம் மொக்கைக் குண்டு வந்தது. கௌக்கோ கண்ணாடியும் போட்டுக்கொண்டு, காபியும் குடித்துவிட்டு நாலு சுட்டார். நாலும் வட்டத்தின் நடுவில், ஒரு கையால் மூடிவிடலாம். ஆர்வியின் கட்டை நாலு ஓட்டையிலும் இடிக்காமல் ஆடாமல் நுழைந்தது. அட்டையில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"ஏழு உங்களுதுதான் மாப்ள," என்றார். "எட்டை மட்டும் யாரும் கேக்கக் கூடாது."