வெள்ளைக் கோட்டில் நின்ற பைகள்

கோவளம் முக்கில் நான் பஞ்சர் கடை போட்ட நாளிலிருந்து, பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு பிள்ளைக்குக்கூடக் கீறல் விழுந்ததில்லை என்று இன்று காலை ஒரு வேன் டிரைவரிடம் மார்தட்டினேன். அவன் போனதும் எனக்கே கூசியது. பொய் அது. ஒரு பிள்ளை போயே போய்விட்டது.

அந்த வேனில் ஒரு ஆயாம்மா வருகிறார். ஒவ்வொரு பிள்ளையையும் அம்மா கையிலிருந்து தன் கைக்கு வாங்கித்தான் படியேற்றுகிறார். அதைப் பார்த்துத்தான் என் வாய் கிளம்பியது. கூடவே பைகளிலிருந்து ஒரு வாசனை. ரெக்சினும் லெமன் சாதமும் கலந்த வாசனை; உங்களுக்கும் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததே அது மட்டும்தான். மூன்றாம் வகுப்பிலேயே வாத்தியாரும் நானும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம்.

நான் கடை போட்டபோது ஈ.சி.ஆர். ரோடு அகலமான புதிது. அதுவரை நடுரோட்டில் மாடு படுத்து அசைபோடும். குப்பத்துப் பிள்ளைகள் அப்போதுதான் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். பஸ் எப்போது வரும் என்று பஸ்ஸுக்கே தெரியாது. அதனால் தார் ஓரத்து வெள்ளைக் கோட்டில் பைகளை வரிசையாக வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். முதல் பைக்கு ஜன்னல் சீட்டு. ரேஷன் கடையில் கல் வைத்து இடம் பிடிப்போமே, அதே சட்டம். பை நின்றால் பிள்ளை நிற்கிறது என்று கணக்கு.

மீன் ஏலத்துக்கு ஓடுகிற ஓட்டத்தில், மீன் விற்கிற ரோசியக்கா தன் மகள் ஸ்டெல்லாவை இங்கே விட்டுவிட்டுக் கத்துவாள்: "டேய் பஞ்சரு, பாத்துக்கோடா!"

"ஃபீஸு இன்னா குடுப்ப?"

"உன் மூஞ்சிக்கு ரெண்டு நெத்திலித் தலை."

எல்லா அம்மாக்களும் இப்படித்தான் சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டே ஓரக்கண்ணால் வரிசையைப் பார்ப்பேன். பையெல்லாம் நிற்கிறதா? நிற்கிறது. அவ்வளவுதான் எங்கள் காவல்.

அன்றைக்கும் பையெல்லாம் நின்றன. எதிர்ப்பக்கம் கிடந்த சிமெண்ட் குழாய்க்குள் நாய் குட்டி போட்டிருந்தது. அதைப் பார்க்க ஸ்டெல்லா ரோட்டைத் தாண்டிப் போனது யார் கண்ணிலும் படவில்லை. பஸ் ஆரன் அடித்தது. எங்கே சீட்டு போய்விடுமோ என்று ஓடி வந்தாள். மாமல்லபுரம் பக்கமிருந்து வந்த கார் அவளை அடித்துவிட்டு நிற்காமல் போனது.

ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. மற்ற பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிப் போன பிறகு பார்த்தால், கோட்டில் ஒரே ஒரு பை. ரோஸ் கலர். முதல் இடம்.

போலீஸ்காரர் யார் பொறுப்பு என்று கேட்டார். பஸ் படியில் கால் வைத்தால்தான் எங்கள் பிள்ளை என்றது பள்ளிக்கூடம். அம்மாக்கள் என்னைப் பார்த்தார்கள். நான் டியூபைப் பார்த்தேன். என் வாய்க்கு ஜோக்கு வராத ஒரே நாள் அது.

ரோசியக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடக்கம் முடிந்த அடுத்த வாரம் கூடை இல்லாமல் வந்தாள். வரிசையிலிருந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிள்ளைகள் தோளில் மாட்டினாள்.

"இனிமே எவனாவது பைய கீழ வெச்சான், கைய ஒடிச்சிருவேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ டியூப பாரு. புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்."

பஸ் போகிறவரை நிற்பாள். அப்புறம் ஏலத்துக்குப் போனால் மிஞ்சிய மீன்தான் கிடைக்கும். அதற்காக ஒருநாளும் சீக்கிரம் கிளம்பியதில்லை.

அந்த பஸ் இப்போது ஓடுவதில்லை; வேன்கள்தான் வருகின்றன. சிமெண்ட் குழாய் மண்ணுக்குள் போய்விட்டது. பையை ரோட்டில் வைத்து இடம் பிடிக்கும் பிள்ளை ஒன்றுகூட இல்லை. அந்த ரோஸ் பையை மட்டும் அக்கா வீட்டில் ஒருநாள் பார்த்தேன், ஆணியில்...

"டேய் பஞ்சரு! அங்க இன்னாடா கத வுட்டுக்கினு கீற? அடுத்த வண்டி வந்துகினு கீது. நான் இந்தப் புள்ளைங்க ரெண்டையும் புடிச்சிகினு கீறேன், அந்தப் பொண்ணு கைய புடி, ஓடியா!"

"தோ வரேங்க்கா."