விமானத்துக்குள் ஒரு பக்கெட் தண்ணீர்

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது எனக்குக் கொடுத்த முதல் பெரிய பொறுப்பு, விமானத்துக்குள் தண்ணீர் ஒழுகாமல் பார்த்துக்கொள்வது. வீட்டில் சொன்னேன். "இத்தனை மாசமா நாப்கின் மாத்துற அனுபவத்தைப் பார்த்துத்தான் குடுத்திருப்பாங்க" என்றார் என் கணவர். அவர் சாந்தோமில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். எதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். நான் இரண்டு முறை யோசித்துவிட்டுத்தான் சிரிப்பேன்.

ஆனால் விஷயம் சிரிக்கக்கூடியதல்ல. நாங்கள் பராமரிக்கும் அந்த வகை விமானத்தில், முன்கதவை ஒட்டி ஒரு சின்னச் சமையலறை இருக்கிறது. காபி போடுவது, கோப்பை கழுவுவது எல்லாம் அங்கேதான். அந்தத் தரைக்கு நேர் கீழே ஓர் அறை, அதில் அலமாரிகள், அலமாரிகளில் உலோகப் பெட்டிகள். விமானம் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கணித்து விமானியின் திரைக்கு அனுப்புபவை அந்தப் பெட்டிகள்தாம். மேலே சிந்திய தண்ணீர் தரைப்பலகை இடுக்குகளில் இறங்கி அவற்றின் மேல் சொட்டினால், நடுவானில் திரை இருண்டுபோகலாம். அதைவிட மோசமாக, தப்பான எண்ணைக் காட்டலாம்.

அதனால் பாதுகாப்பு ஆணையம் அந்த வகை விமானங்களுக்கெல்லாம் ஒரு கட்டாய உத்தரவு போட்டிருந்தது. சமையலறைத் தரையின் இடுக்குகளைச் சீலன்ட் பசை வைத்து அடைக்க வேண்டும். அலமாரிகளுக்கு மேல் தண்ணீர் இறங்காத மறைப்பு ஒன்றை மாட்ட வேண்டும். பிறகு கோப்பை கழுவும் தொட்டியில் தண்ணீர் விட்டு, கீழே ஒழுகுகிறதா என்று சோதிக்க வேண்டும். இதைச் செய்யாத விமானம் கெடு முடிந்தபின் பறக்கக் கூடாது. உத்தரவைப் படித்து, எங்கள் ஆட்கள் செய்யவேண்டிய வேலையை வரிசையாக எழுதிக் கொடுத்து, முடிந்தபின் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

கையெழுத்து என்றாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பின் படியை இறங்கியபின், கேஸை மூடினேனா என்று திரும்ப ஏறிப் பார்க்கிறவள் நான். குழந்தை பிறந்த பிறகு அது இன்னும் கூடிப்போனது. காப்பகத்தில் அவளை விட்டுவிட்டுத் தரமணி அலுவலகத்துக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை பயங்கரங்களைக் கற்பனை செய்து முடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அலுவலகத்திலும் எல்லோருக்கும் அது தெரியும். "மேடம் பாத்துட்டாங்களா? அப்ப சரி, இன்னொரு வாட்டி பாப்பாங்க" என்று கேலி செய்வார்கள்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருந்தபோது அந்த வகையில் முதல் விமானம் மீனம்பாக்கத்தில் எங்கள் ஹேங்கருக்கு வந்து நின்றது. இடுக்குகளை அடைத்தார்கள், மறைப்பை மாட்டினார்கள், தொட்டியில் தண்ணீர் விட்டார்கள். நான் கீழறைக்குள் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. எங்கள் மேலாளர் பேனாவை நீட்டினார். நாளைக் காலையில் விமானம் போயாக வேண்டும் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

அப்போதுதான் துப்புரவுக் குழுவின் மேஸ்திரி அம்மா, சிவப்புப் பக்கெட்டும் துடைப்பமுமாகப் படியேறி வந்தார்.

"மேடம், உங்க வேல முடிஞ்சுதா? முடிஞ்சா சொல்லுங்க. உள்ள கழுவி வுட்டுட்டா பொட்டு வெச்சிடலாம்."

"கழுவறதுன்னா... துடைக்கிறதுதானேம்மா?" என்று கேட்டேன்.

"தொடைக்கறதா? வருஷத்துக்கு ஒரு நாளு. பூஜைக்கு யாராவது தொடைப்பாங்களா? நாலு பக்கெட்டு தண்ணி ஊத்தி, தேச்சி, தள்ளி வுடணும். உங்க வூட்ல எப்டி?"

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது. நாங்கள் தலைமுறை தலைமுறையாக மாதா கோவிலுக்குப் போகிறவர்கள். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் என் அம்மா நாற்காலிகளை எல்லாம் கட்டில்மேல் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தண்ணீர் ஊற்றுவார். ஈரத்துணியால் துடைத்தால் அது சுத்தமே இல்லை. இந்த ஊரில் பண்டிகை என்றால் தண்ணீர் ஓட வேண்டும். விமானத்துக்குள் ஈரத்துணியால் மட்டும்தான் துடைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. விதியை எழுதியவர்கள் வீட்டில் பூஜைக்குத் தரை கழுவுவதில்லை போலும்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

"என்னம்மா?" என்றார் மேலாளர்.

"சார், நாம தொட்டியில மட்டும்தான் தண்ணி விட்டோம். தரையில ஊத்திப் பார்க்கலை."

"உத்தரவுல தரையில ஊத்தச் சொல்லலையே. கேட்டதைச் செஞ்சாச்சு. கழுவாதீங்கன்னு இவங்ககிட்ட சொல்லிடுவோம், முடிஞ்சுது."

"இவங்ககிட்ட சொல்லிடலாம் சார். ஆனா வருஷாவருஷம் ஊத்தியிருக்காங்க, நமக்கே இன்னிக்குத்தான் தெரியுது. இன்னும் எங்கெல்லாம் ஊத்துறாங்களோ?"

"அதுக்காக? எலெக்ட்ரானிக்ஸ் தலைமேல நாமளே ஒரு பக்கெட் தண்ணி கவுக்கணுமா? வெளியில தெரிஞ்சா சிரிப்பாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என் கஷ்டம். எதிரே நிற்பவர் சொல்வது எப்போதும் எனக்கு நியாயமாகவே படும். நான் சொல்வது பாதுகாப்பா, வெறும் பயமா? இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறதென்று குழந்தை பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியாமல் இருந்தது. ஆனால் ஒன்று தெரிந்தது. நான் கையெழுத்துப் போட்டால் இருநூறு பேர் அந்தத் தரைமேல் கால்வைத்து உள்ளே போவார்கள், அதில் கைக்குழந்தைகளும் இருக்கும்.

"சார், பெட்டிகளை எல்லாம் வெளியே எடுத்துடலாம். கரன்ட் இணைப்பைக் கழட்டிட்டு, அலமாரியில வெள்ளைப் பேப்பர் விரிச்சுட்டு ஊத்தலாம். இன்னிக்கு ஊத்தினா கீழ பேப்பர்தான் இருக்கும். வேற எங்கேயாவது யாராவது ஊத்தினா பெட்டி இருக்கும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நான் ஒத்துக்கலைன்னா?"

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். பிறகு மெக்கானிக்குகளைக் கூப்பிட்டு, "பெட்டியெல்லாம் எடுங்கப்பா. மேடம் இன்னிக்கு நமக்கு அபிஷேகம் பண்ணப் போறாங்க" என்றார்.

பெட்டிகளை எடுத்து முடிப்பதற்குள் மத்தியானம் போய்விட்டது. குழந்தையைக் காப்பகத்திலிருந்து அழைத்துவரும்படி கணவருக்குப் போன் செய்தேன். "ஒழுகுதா?" என்று கேட்டார். "இன்னும் ஊத்தவே இல்லை" என்றேன். "ஊத்தறதுக்கு முன்னாடியே உன் குரல் நனைஞ்சிருக்கே" என்றார்.

தரையின் நடுவில் பக்கெட்டைக் கவிழ்த்தார்கள். மூத்த மெக்கானிக் ஒருவர் கீழறையில் டார்ச்சுடன் உட்கார்ந்திருந்தார். காத்திருந்தோம்.

"மேடம், பேப்பர்ல இட்லி வெச்சு சாப்பிடலாம். அவ்ளோ காஞ்சு கெடக்கு" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அது சிரிப்பைவிடச் சங்கடமாக இருந்தது. வீணாகப் போன அந்தப் பகலைப் பற்றி மேலிடத்தில் அவர் யாருக்கு என்ன பதில் சொல்வார்? மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். தரையில் குளமாக நின்ற தண்ணீர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது போல இருந்தது.

தண்ணீர் ஊற்றியாயிற்று. ஆனால் யாரும் தள்ளவில்லையே?

"அம்மா, அந்தத் துடைப்பத்தைக் குடுங்க" என்றேன்.

"ஐய, நீ எதுக்கு மேடம்? நான் தள்றேன்" என்றார் மேஸ்திரி அம்மா.

"இருக்கட்டும்மா. எந்தப் பக்கம் தள்ளுவீங்க?"

"இது இன்னா கேள்வி? வாசப்பக்கம்தான். தண்ணிய வாசலுக்குத் தள்ளாம, வூட்டுக்குள்ளயா தள்ளுவாங்க?"

புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, என் அம்மா வீட்டில் செய்ததுபோலக் குனிந்து, தண்ணீரைச் சேர்த்து முன்கதவுப் பக்கமாகத் தள்ளினேன். கதவடியில் கால் வைக்கும் இடத்தில் ஓர் உலோகத் தகடு திருகப்பட்டிருக்கிறது. அதன் விளிம்பில் முட்டித் தண்ணீர் தேங்கியது. மறுபடி தள்ளினேன். தேங்கியது, சுழித்தது, பிறகு மெதுவாகக் குறைந்தது. வெளியே போனதாகவும் தெரியவில்லை.

கீழே சிரிப்பு நின்றிருந்தது.

"மேடம்," என்றார் மெக்கானிக். இந்தக் குரல் வேறு மாதிரி இருந்தது. "சொட்டுது."

மேலாளர் எனக்கு முன்னால் இறங்கி ஓடினார். நான் பின்னால் போய் அவர் தோளுக்குப் பக்கத்தில் தலையை நுழைத்தேன். தகட்டின் திருகுகள் வழியே இறங்கிய தண்ணீர், அடியிலிருந்த உத்திரத்தைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து வந்து, நாங்கள் மாட்டியிருந்த மறைப்பின் ஓரத்துக்கு அப்பால், அலமாரியின் கோடியில் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளைப் பேப்பரில் சாம்பல் நிற வட்டங்கள். வேகத்தையும் உயரத்தையும் கணிக்கும் பெட்டி காலையில் இருந்த இடம் அது.

உத்தரவு சமையலறைத் தரையின் இடுக்குகளைத்தான் சொல்லியிருந்தது. கதவுத் தகட்டைச் சொல்லவில்லை. காபி அங்கே சிந்தாது என்று நினைத்திருக்கலாம்.

மேலாளர் தலையை வெளியே எடுத்தார். பிறகு திறந்திருந்த முன்கதவை அண்ணாந்து பார்த்தார். வெளியே வானம் மூடிக்கொண்டு வந்தது.

"பூஜைக்குக் கழுவறதை நிறுத்திடலாம்மா," என்றார். "ஐப்பசி மழையை யார் நிறுத்துறது? மழையில கதவைத் திறந்து வெச்சுத்தானே ஆளை ஏத்துறோம்? சாரல் நேரா இந்தத் தகட்டுமேலதான் அடிக்கும்."

மழை எனக்குத் தோன்றவே இல்லை. நான் பக்கெட்டைப் பற்றி மட்டும் பயந்திருந்தேன். என் பயம் அளவுக்கு மீறியது என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன். உண்மையில் அது போதவில்லை. சிரிக்க வேண்டும் போலிருந்தது, அழுதும்விட்டேன். "மேடம், போதும், ஏற்கெனவே ஈரம்" என்றார் மெக்கானிக். அப்போது உண்மையாகவே சிரித்தேன்.

விமானம் மறுநாள் காலை போகவில்லை. தகட்டைக் கழற்றி, திருகுக்குத் திருகு பசை வைத்து, அது காயும்வரை காத்திருந்து, மறைப்பை உத்திரத்துக்கு அப்பாலும் நீட்டினார்கள். மறுபடி ஊற்றினோம். இந்த முறை மேஸ்திரி அம்மா தள்ளினார். நான் கீழே உட்கார்ந்தேன். ஊற்றினார்கள், தள்ளினார்கள், இன்னும் ஊற்றினார்கள். தலைக்கு மேல் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பேப்பர் வெள்ளையாகவே இருந்தது. பேனாவை நானே கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

பூஜையன்று ஹேங்கர் வாசலில் பூசணிக்காய் உடைக்க வேண்டிய நேரத்தில் மேலாளர் என்னைத் தேடினார். "சார், நான் கிறிஸ்டியன். பொம்பளை வேற" என்றேன். "ஒழுகுன இடத்தைக் கண்டுபிடிச்சது யாரு? அவங்க உடைக்கட்டும்" என்றார் அவர். மேஸ்திரி அம்மா பூசணியை என் கையில் வைத்தார். "ஓங்கிப் போடு மேடம், யோசிக்காத!" என்று பின்னாலிருந்து கத்தினார். ஓங்கிப் போட்டேன். குங்குமம் என் புடவை முழுக்கத் தெறித்தது. மெக்கானிக்குகள் அடித்த விசில் ஓடுபாதைவரை கேட்டிருக்கும்.

நாங்கள் கண்டதைப் படங்களோடு எழுதி, விமானத்தைத் தயாரித்தவர்களுக்கும் ஆணையத்துக்கும் அனுப்பினோம். பதில் வர மாதங்கள் ஆயின. இடையில் நான் வழக்கம்போலத் தவித்தேன்: அந்த ஒரு விமானத்தில் மட்டும் தகடு சரியில்லாமல் இருந்திருந்தால்? நாங்கள் திருகைத் தளர்த்திவிட்டிருந்தால்? ஊர் பேர் தெரியாத நிபுணர்கள் படித்துவிட்டுச் சிரித்திருந்தால்? அதே வகையில் இன்னும் இரண்டு விமானங்கள் வந்தன. இரண்டிலும் ஊற்றித் தள்ளினோம், இரண்டிலும் சொட்டியது.

பதில் ஒரு சாயங்காலம் வந்தது. தரமணியிலிருந்து பறக்கும் ரயிலில் மயிலாப்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். போனில் மேலாளர் அனுப்பிய செய்தி: உத்தரவைத் திருத்திவிட்டார்கள். உலகத்தில் அந்த வகை விமானம் எங்கே இருந்தாலும் இனிமேல் கதவுத் தகட்டையும் அடைக்க வேண்டும். மறைப்பை நீட்ட வேண்டும். தொட்டியில் மட்டுமல்லாமல் தரையிலும் தண்ணீர் விட்டு, அதைக் கதவுப்பக்கம் தள்ளிச் சோதிக்க வேண்டும். 'கதவுப்பக்கம் தள்ளி' என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரில் கனத்த மேல்சட்டை போட்ட ஒருவர், எங்கள் அம்மா மாதிரிக் குனிந்து தண்ணீர் தள்ளுவதை நினைத்துப் பார்த்தேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

பக்கத்தில் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா கண்ணு, தனியா சிரிச்சிக்கினு கீற? நல்ல சேதியா?"

"ஆமாம்மா. நான் சொன்னதைக் கேட்டுட்டாங்க."

"யாரு, மாமியாரா?"

"இல்லம்மா. ஏரோப்ளேன் பண்றவங்க."

அவர் கூடையை மடியில் நகர்த்திக்கொண்டு யோசித்தார். "அவங்க கேப்பாங்க," என்றார். "மாமியார கேக்க வெய்யி பாப்போம்."