வீரபாகுவின் காது

கொண்டப்பநாயக்கன்பட்டியில் யார் வீட்டுத் தறியில் கோளாறு என்பது தறிக்காரனுக்குத் தெரிவதற்கு முன்னால் வீரபாகுவுக்குத் தெரிந்துவிடும். தெருவில் போய்க்கொண்டிருக்கிற மனிதர் சட்டென்று நிற்பார். "ஏப்பா குமாரசாமி, உன்ற எடது மிதி தாமசமா உழுகுது பாரு" என்று ஜன்னலுக்குள் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். குனிந்து பார்த்தால் மிதிக்கயிறு தளர்ந்திருக்கும். தறி ஓசை ஒரே சீராக விழ வேண்டும், ஒரு அடி முன்னே பின்னே விழுந்தால் துணியில் கோடு விழுந்துவிடும். அவருடைய காதை ஊரே மெச்சியது. மெச்சி மெச்சி நாங்கள்தான் அந்தக் காதைக் கெடுத்தோமோ என்று இப்போது தோன்றுகிறது.

அவருடைய மனைவி கந்தம்மாளுக்கு வலது கால் மடங்காது. கல்யாணமான புதிதில் கிணற்றுப் படியில் வழுக்கி முட்டி உடைந்தது. கட்டுப் போட்டவர் சரியாகப் போடாததால் எலும்பு கால் நீட்டியபடியே கூடிவிட்டது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடமாடுவார். பஸ் படி ஏற முடியாது. மாட்டு வண்டியில் போனால் குலுக்கலில் இடுப்பு பிடித்துக்கொண்டு பல நாள் படுக்கைதான். அவருக்கு உடன்பிறந்தவர் என்று ராசிபுரத்தில் ஒரே ஒரு அக்கா, முத்தாயம்மாள். தாயில்லாத தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அந்த அம்மாளும் மூச்சிரைப்புக்காரி, வாசலைத் தாண்ட மாட்டார். ராசிபுரம் ஒன்றும் சீமை இல்லை. ஆனாலும் அக்காளும் தங்கையும் முகம் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது.

முப்பத்தாறாம் வருஷம், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை ஊரைப் பார்க்கக் கப்பலேறினார். கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த அவருடைய மோட்டார் சைக்கிளை வீரபாகு வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றி மலையிறக்கிக் கொண்டுவந்தார். முதல் யுத்த காலத்து வண்டி. இரட்டைச் சிலிண்டர். இரண்டும் ஒரே அடியிலிருந்து கிளைத்து, முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாகச் சாய்ந்து நிற்கும். தெருவே என்ஜினை வேடிக்கை பார்த்தது. வீரபாகு பார்த்தது என்ஜினை இல்லை. பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த தொட்டியைத்தான். தரையோடு தரையாகத் தாழ்ந்திருந்தது. ஒரு ஆள் காலை நீட்டி உட்காரலாம்.

"கந்தம்மா, இதுல உன்னை உட்கார வச்சு உங்கக்கா ஊட்டு வாசல்ல எறக்கலைன்னா என் பேரை மாத்திக்கறேன்" என்றார்.

வண்டி வீட்டின் முன்னறையில் குடியேறியது. அரிசிப் பானைகள் சமையற்கட்டுக்கு ஒதுங்கின. காலையில் தறி, மதியத்துக்கு மேல் வண்டி. கழற்றிய சாமான்கள் மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறும், சோறெல்லாம் அந்த வாடை அடிக்கும். உதிரிச் சாமானுக்காகச் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளுக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. தோல் வாங்கி வளையம் வெட்டினார். ஒயர்களுக்குப் பட்டு நூல் சுற்றி அரக்குப் பூசினார். கந்தம்மாளும் சும்மா இருக்கவில்லை. கழிவு நூலை அடைத்துத் தொட்டிக்கு ஒரு மெத்தை தைத்தார். இரண்டு பேருக்கும் பொழுது சாய்ந்தால் பேசக்கூடத் தெம்பு இருக்காது. இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. அந்த வீட்டுக்குள் நுழைந்தாலே நமக்கும் அசதி தொற்றிக்கொள்ளும்.

ஒரு தை மாதத்துக் காலையில் என்ஜின் பிடித்துக்கொண்டது.

தெருவே கூடிவிட்டது. கந்தம்மாள் நல்ல சேலை கட்டி, அக்காவுக்குப் பிடித்த கச்சாயப் பலகாரத்தைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு, தொட்டியில் காலை நீட்டி உட்கார்ந்தார். அந்த முகத்தில் அத்தனை சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வண்டி தெருமுனை வரைக்கும் போயிற்று. திரும்பியும் வந்தது. அப்புறம் நின்றது. வீரபாகு தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தட்-தட், கொஞ்சம் இடைவெளி, தட்-தட், மறுபடி இடைவெளி.

"எறங்கு" என்றார்.

"ஏனுங்க? நல்லாத்தானே ஓடுது. போலாமுங்க."

"நொண்டுது, கேக்கலையா? ரெண்டு சிலிண்டரும் சீரா அடிக்கோணும். வழியில மல்லூர்கிட்ட நின்னு போச்சுன்னா உன்னைத் தூக்கிட்டா நடப்பேன்? ரெண்டு நாள் பொறு. சரி பண்ணிடறேன்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. வீரபாகு காதில் பிசகு என்று பட்டால் அது பிசகுதான். கச்சாயத்தைத் தெருப்பிள்ளைகள் தின்றன.

என்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கிற மேக்னெட்டோப் பெட்டியைப் பிரித்தார். உள்ளே ஒரு உருக்கு வளையம். அதில் இரண்டு மேடு, ஒரு சிலிண்டருக்கு ஒன்று. இரண்டும் நேர் எதிராக இல்லாமல் ஒன்று சற்றுத் தள்ளி இருந்தது. "கண்டுபிடிச்சுட்டேன்! தேஞ்சு கோணிக்கிச்சு" என்றார். அரத்தை எடுத்து, தள்ளியிருந்த மேட்டை ஒரு பக்கமாக அராவினார். பூட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் அராவினார்.

அதோடு போயிற்று. பின் சிலிண்டர் வெடிப்பதே இல்லை. ஒற்றைச் சிலிண்டரில் தெருமுனை வரை இருமிக்கொண்டு போகும், பாதையில் சின்ன ஏற்றத்தைக் கண்டாலும் படுத்துவிடும். உதைத்து உதைத்து அவருடைய கணுக்கால் வீங்கியதுதான் மிச்சம். கந்தம்மாள் கேட்கும்போதெல்லாம் "ரெண்டு நாள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் அந்த அம்மாளும் கேட்பதை விட்டுவிட்டார்.

ஐப்பசியில் ராசிபுரத்திலிருந்து ஆள் வந்தது. முத்தாயம்மாள் படுத்துவிட்டார், கந்தம்மாளைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றது. அன்றைக்கும் மறுநாளும் வீரபாகு வண்டியோடு மல்லுக்கட்டினார். அதற்கு மேல் பொறுக்க முடியாமல் கந்தம்மாளே மாட்டு வண்டி பிடிக்கச் சொன்னார். வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்து அழைத்துப்போனார்கள். போய்ச் சேர்ந்தபோது வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அக்காவை அதற்குள் எடுத்துவிட்டார்கள்.

கேதத்துக்குப் போய் வந்த கந்தம்மாள் இடுப்பு பிடித்துப் படுத்தார். வீரபாகு வண்டி மேல் ஒரு பழைய துப்பட்டியைப் போட்டு மூடினார்.

மாசியில் செல்லமுத்து வந்தான். அந்தத் துரையிடம் முன்பு வேலை பார்த்தவன், இப்போது மலைப்பாதையில் லாரி ஓட்டுகிறான். லாரி கொதித்துவிட்டதென்று தண்ணீர் கேட்டு வந்தவன், முன்னறையில் துப்பட்டிக்குக் கீழே தெரிந்த சக்கரத்தைப் பார்த்துவிட்டான்.

"அட, தொரை வண்டியல்லங்க இது! ஓடுதுங்களா?"

"ஓடுச்சு. நொண்டுச்சுன்னு அவுத்துப் போட்டேன்" என்றார் வீரபாகு.

"எப்படி நொண்டுச்சுங்க?"

வீரபாகு தறிக்கட்டையில் விரலால் தட்டிக் காட்டினார். தட்-தட், இடைவெளி, தட்-தட்.

செல்லமுத்து சிரித்தான். பாவம், அவனுக்கு என்ன தெரியும். "இந்த வண்டி அப்படித்தானுங்க அடிக்கும். சிலிண்டரு ரெண்டும் சாஞ்சு நிக்குதுல்லங்க, அப்பறம் எப்படிச் சீரா அடிக்கும்? பொறந்ததே அப்படித்தான். அந்தச் சத்தத்தை வச்சுத்தான் தொரை எந்த வளைவுல வாராருன்னு நாங்க சொல்லுவோம். இதுலயே மெட்ராசு வரைக்கும் போயி வந்தவருங்க அவரு."

வீரபாகு துப்பட்டியை விலக்கிச் சாய்ந்து நின்ற சிலிண்டர்களைப் பார்த்தார். அப்படியானால் அந்த மேடு தள்ளி இருந்ததும் தேய்ந்து இல்லை, செய்தபோதே அப்படி வைத்தது. கந்தம்மாள் அடுப்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தின் ஓசை நின்றுபோயிற்று. உள்ளேயிருந்தே கேட்டார்.

"அப்ப, தை மாசமே போயிருக்கலாமுங்களா?"

கந்தம்மாள் யாரைக் கேட்கிறார் என்று தெரியாமல் செல்லமுத்து விழித்தான். வீரபாகுதான் பதில் சொன்னார். "போயிருக்கலாம்."

மறுபடி முறத்தின் ஓசை கேட்டது. கத்தியிருந்தாலாவது அந்த மனிதருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தோட்டத்துக் கொட்டகையில் துரை போட்டுவிட்டுப் போன உதிரி மேக்னெட்டோ ஒன்று கிடந்தது. அடுத்த நடையில் செல்லமுத்து அதைக் கொண்டுவந்து கொடுத்தான். வீரபாகு அதை அராவவில்லை, பிரித்துப் பார்க்கக்கூட இல்லை. அப்படியே பூட்டி உதைத்தார். என்ஜின் பிடித்துக்கொண்டது. தட்-தட், இடைவெளி, தட்-தட். தெருமுனைக்குப் போய்த் திரும்பி வந்து, என்ஜினை நிறுத்தாமல் வாசலில் நின்றார். தொட்டியில் மெத்தையைத் தட்டிப் போட்டார்.

"கந்தம்மா, வந்து உட்காரு. போலாம்."

கந்தம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலைப்படி வரைக்கும் வந்தார். வண்டியைப் பார்த்தார். தான் தைத்த மெத்தையைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, சலித்துப்போன குரலில்தான் கேட்டார்.

"போயி யாரைப் பாக்கறதுங்க?"