தகவல் தந்தவள்

மலாக்காவின் தெங்கேராவில் மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் மலர்க்கொடியின் டைப் கடை இருந்தது. கல்யாணப் பத்திரிகை, நிலப்பத்திரம், காலேஜ் பிள்ளைகளின் கட்டுரை என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பாள். தொண்ணூற்றாறில் அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கணவர் புவனேந்திரன் ஜாசின் ஊருக்குப் போகும் பஸ் ஓட்டினார். நியாலாஸ் பக்கம் ஒரு பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பிறந்து, ஐந்தாம் படிவம் வரை படித்து, கை வேகத்தை நம்பி ஊருக்கு வந்தவள் அவள்.

அந்த வருஷம் மார்ச் மாதம் உயரமாக, ஒல்லியாக ஒருவர் கைப்பை நிறையக் காகிதத்தோடு உள்ளே வந்தார். பெயர் வார்சமே. சோமாலியாக்காரர். மொகதிஷுவில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்து, சண்டை மூண்டதும் குடும்பத்தோடு கிளம்பி, இரண்டு நாடு சுற்றி மலாக்காவில் ஒரு தனியார் காலேஜில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். தம் மக்களைப் பற்றி நாற்பது பக்கக் கட்டுரை ஒன்றை ஆங்கிலத்தில் கையால் எழுதியிருந்தார்.

"அவசரமில்லை, சிஸ்டர். தப்பில்லாமல் இருந்தால் போதும்" என்றார்.

மலர்க்கொடி அடிக்கும்போது படிப்பவள். பத்துப் பக்கம் அடித்தும் வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் சொன்னதுதான் வந்தது. இவர் சொல்வது பதினோராம் பக்கத்தில்தான் ஆரம்பித்தது. சோமாலியரின் சண்டையையும் சமாதானத்தையும் அப்பா வழிக் குலத்தை வைத்தே விளக்கிவிட்டார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவை ஆண்களிடம் மட்டும் கேட்டதால் கோட்டைவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். அதற்கு ஆதாரமாக ஒரு கிணற்றுத் தகராறு. இரண்டு கூட்டமும் துப்பாக்கியோடு நின்றபோது, ஒரு பக்கம் பிறந்து மறுபக்கம் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் நடுவில் நடந்துபோய்ப் பேச்சுக்கு வழி பண்ணினாள். அடிக்குறிப்பில், 'சொன்னவர்: ஹலிமா, என் தாய்' என்று இருந்தது.

பிரதி வாங்க வந்தவரிடம் கேட்டாள். "டாக்டர், உங்கம்மா கதையை ஏன் அவ்வளவு பின்னாடி வச்சீங்க?"

அவர் சிரித்தார். "முன்னால் வைத்தால் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்."

பின்னால் வைத்தும் திரும்பி வந்தது. ஜூன் மாதம் அவர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். ஐரோப்பாவில் இருந்த பத்திரிகை ஆசிரியர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். தகவல்கள் மிக அருமையாம். ஆனால் தாயார் சொன்னதை ஆதாரமாக ஏற்க முடியாதாம். அங்குள்ள ஒரு நிபுணரோடு சேர்ந்து எழுதினால், அவர் பெயர் முதலிலும் இவர் பெயர் இரண்டாவதாகவும் போட்டு வெளியிடலாமாம்.

"அந்த நிபுணர் சோமாலி பேசுவாரா?" என்று கேட்டாள் மலர்க்கொடி.

"கொஞ்சம். என் மாணவன் ஒருவன்தான் அவருக்கு மொழிபெயர்த்தான். இப்போது அந்தப் பையன் எங்கே இருக்கிறானோ தெரியவில்லை."

மலர்க்கொடி எழுந்தாள். பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய போட்டோஸ்டாட் கட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். பத்து வருஷமாக யாரிடமும் காட்டாதது.

எழுபத்து நாலில் ஹில்டா என்ற ஐரோப்பியப் பெண் ஆராய்ச்சிக்காக அவர்கள் தோட்டத்துக்கு வந்து பதினாலு மாதம் தங்கினாள். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஆங்கிலம் பேசிய ஒரே பெண் இருபது வயது மலர்க்கொடிதான். வீடு வீடாகக் கூட்டிப்போனவள், பாட்டு எழுதிக் கொடுத்தவள், யாருக்கு யார் என்ன முறை என்று படம் போட்டுத் தந்தவள் எல்லாம் அவள்தான். பிற்பாடு அது புத்தகமானது. கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்த கொழுந்தன் கணேஸ்வரன் நூலகத்தில் அதைப் பார்த்து முன்னுரையையும் இரண்டு அத்தியாயத்தையும் பிரதி எடுத்து வந்தான். 'தகவல் தந்த ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கும் நன்றி' என்று முன்னுரையில் ஒரு வரி. அதுகூட அவளைச் சுடவில்லை. சுட்டது வேறொன்று.

ஹில்டா இருந்த அந்த வருஷம், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விடும் ஆயாக்கொட்டகையில் தண்ணீர்த் தொட்டி கெட்டு, பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டு, ஒரு குழந்தை செத்துப்போனது. ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் சொன்னார்கள். நடக்கவில்லை. தொழிற்சங்கத்துக்காரர், கடிதம் போட்டிருக்கிறோம், பொறுங்கள் என்றார். பெண்கள் கூடிப் பேசினார்கள். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டோம், மூன்று நாள் பால் வெட்டக் கூடாது என்று சொல்லி, விடியற்காலைப் பெயர்ப்பதிவான பிரட்டுக்குப் போகாமல் இருந்தார்கள். சாமி விஷயத்தில் துரையால் கை வைக்க முடியவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் புதுத் தொட்டி வந்தது. மலர்க்கொடியின் அம்மா இருசம்மாள் இதையெல்லாம் ஹில்டாவுக்கு ஒரு மணி நேரம் சொன்னாள். மொழிபெயர்த்தவள் மகள்தான்.

புத்தகத்தில் இருந்தது இது: 'அம்மை நோய்க்குப் பயந்து பெண்கள் மூன்று நாள் வேலைக்குச் செல்லவில்லை. வேலைநிறுத்தம் என்ற எண்ணமே அவர்களிடம் இல்லை.' ஆதாரம், தோட்ட ஆபீஸ் குறிப்பேடு.

வார்சமே அந்தப் பக்கத்தை நிதானமாக இரண்டு தடவை படித்தார். "அந்தப் பெண்களில் எத்தனை பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்?"

"எங்கம்மா இல்ல. நாலஞ்சு பேர் இருப்பாங்க."

"போய்க் கேளுங்கள், சிஸ்டர். யார் சொன்னது என்று பெயரோடு எழுதுங்கள். நானும் என் கட்டுரையை அந்த நிபுணரோடு சேர்ந்து எழுதப்போவதில்லை."

சொன்னபடியே அவர் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கனடாவில் குடியேறிய சோமாலிய ஆசிரியர்கள் சிலர் சிறிதாக ஒரு பத்திரிகை நடத்தினார்கள். அதற்கு அனுப்பத் தீர்மானித்துப் புதுப் பிரதி கேட்டார். இந்தத் தடவை ஹலிமாவின் கதை முதல் பக்கத்தில் இருந்தது.

மலர்க்கொடி ஞாயிற்றுக்கிழமைகளில் நியாலாஸ் போக ஆரம்பித்தாள். பால்மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது. பாதி லயம் காலி. அந்த நாலைந்து பேரில் அன்னம்மா அத்தையும் பெத்தம்மாள் அத்தையும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தார்கள்.

"அத எதுக்கு இப்ப கேக்குற?" என்றாள் அன்னம்மா.

"புத்தகத்துல தப்பா எழுதிட்டாங்க அத்தை. நாம அம்மைக்குப் பயந்துகிட்டு வீட்டுல உக்காந்தோமாம்."

"பயமா? துரை மூஞ்சி போன போக்கப் பாத்து நாங்க ஒரு வாரம் சிரிச்சோம் லா."

ஐந்தாறு மாதத்தில் இருபத்து நாலு பக்கம் தேறியது. முதலில் தமிழில் எழுதினாள், பிறகு தானே ஆங்கிலத்திலும். தன் கடையிலேயே நூறு பிரதி எடுத்து ஓரம் தைத்தாள். அட்டையில் 'எழுதியவர்: கா. மலர்க்கொடி' என்று அடிக்கும்போது மட்டும் விரல் தயங்கியது. புவனேந்திரன் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஊர் பேரெல்லாம் அடிச்ச கைக்கு உன் பேரு எழுதத் தெரியலையா?" என்றார்.

ஹில்டாவின் பதிப்பாளர் முகவரிக்கு ஒரு பிரதி அனுப்பினாள். இரண்டு மாதம் கழித்து ஹில்டாவே அன்பாக எழுதினாள். அன்று ஆபீஸ் குறிப்பேட்டைத்தான் நம்பத் தோன்றியது என்று ஒப்புக்கொண்டாள். அடுத்த பதிப்பில், 'முன்னாள் தகவலாளர் ஒருவர் வேறுவிதமாக நினைவுகூர்கிறார்' என்று ஒரு குறிப்புச் சேர்ப்பதாகச் சொன்னாள். மலர்க்கொடி நாலே வரியில் பதில் அடித்தாள். நினைவுகூர்ந்தது ஒருவர் அல்ல, ஐந்து பேர். பெயர்கள் கீழே உள்ளன. என் பெயரும் உண்டு. பெயரில்லாமல் குறிப்பு வேண்டாம். அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த பதிப்பும் வந்ததாகத் தெரியவில்லை.

தொண்ணூற்றெட்டில் மலேசியப் பணத்தின் மதிப்புச் சரிந்த சமயம் வார்சமேயின் காலேஜ் மூடப்பட்டது. அவர் குடும்பத்தோடு கனடா போனார். அங்கிருந்து பத்திரிகையின் ஒரு பிரதி அனுப்பினார். கட்டுரையின் முடிவில், 'இதை அடித்தவரும், தாயின் கதையை முன்னால் வைக்கத் தூண்டியவரும் மலாக்கா மலர்க்கொடி' என்று அச்சாகியிருந்தது. அவள் அதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாள்.

தன் புத்தகத்தை அவளே ஒரு ஞாயிறு லயத்தில் வாசித்துக் காட்டினாள். பத்துப் பதினைந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சாமி பேரைச் சொல்லலாம் என்ற யோசனை இருசம்மாளுடையது என்ற இடம் வந்ததும் அன்னம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஆயி, அது உங்கம்மா இல்ல. இவதான் சொன்னா" என்று பெத்தம்மாளைக் காட்டினாள். "உங்கம்மாவுக்குப் பேச்சு வரும், அதனால ஆபீசுக்கு அவள அனுப்புனோம். யோசனை இவளோடது."

மலர்க்கொடிக்கு முகம் சூடானது. நான்கு ஞாயிறு பெத்தம்மாள் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறாள். யோசனை யாருடையது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அம்மா சொல்லித் தெரியும் என்று அவளே எழுதிவிட்டாள்.

"அத்தை, நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல?"

பெத்தம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். "அம்மாவப் பத்தி ஆசையா எழுதுற. நடுவுல நான் எதுக்கு?"

மலர்க்கொடி பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியைக் கோடு போட்டு அடித்தாள். "அன்னிக்கு என்ன சொன்னீங்க, எங்க நின்னு சொன்னீங்க, மொதல்ல இருந்து சொல்லுங்க" என்று பெத்தம்மாள் பக்கம் தள்ளி உட்கார்ந்தாள்.

இரண்டாம் பதிப்பு இருபத்தேழு பக்கம் வந்தது. பெத்தம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. தன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு, அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டாள்.