மூன்று தேசிக்காயும் ஒரு வேனும்

பாஸ்டரையா, நீங்கள் சிலை வணங்குகிறவர். உங்கள் சிலைக்கு நான்கு சக்கரம் இருக்கிறது. வெள்ளை நிறம்.

நான் கண்டியில் ஆட்டோ ஓட்டுகிறவன். அழகாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

ஆட்டோ வாங்கிய அன்று மூன்று சக்கரத்துக்கும் கீழே மூன்று தேசிக்காய் வைத்து நசுக்கினேன். எங்கள் பக்கத்தில் புது வண்டி எடுத்தால் எல்லோரும் செய்வதுதான். ஞானஸ்நானம் எடுத்துப் பல வருடமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. யாரோ உங்களிடம் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனையில் என்னை எழுப்பி நிறுத்தினீர்கள்.

“தம்பி, உம்மடை ஓட்டோவைக் காப்பாத்துறது கர்த்தரோ, தேசிக்காயோ?”

“கர்த்தர்தான் பாஸ்டரையா.”

“அப்ப அதை மைக்கிலை சொல்லும். சபை கேக்கட்டும்.”

சொன்னேன். மூன்று தேசிக்காய்க்காக முழுச் சபைக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனால் நீங்கள் கேட்டது சரி என்றுதான் அன்று நினைத்தேன். இன்றும் அது சரிதான்.

பிறகு நீங்கள் வேன் கேட்டீர்கள். நடக்க முடியாதவர்களையும் வயதானவர்களையும் ஆராதனைக்கு ஏற்றிவர என்றீர்கள். என் அக்கா காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் காணிக்கைப் பையில் போட்டாள். தேயிலைக் கொழுந்து பறித்து வாங்கிய தோடு. அவளிடம் இருந்த பொன் அவ்வளவுதான். காதில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு சிரித்தபடி வீட்டுக்கு வந்தாள்.

வேன் வந்தது. அதன் நெற்றியில், அதாவது பொனட்டில், ஒலிவ எண்ணெய் பூசினீர்கள். கைதட்டிப் பாடிக்கொண்டு அதை ஏழு தரம் சுற்றினோம். நானும் சுற்றினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும் என்றீர்கள். கோயிலை விட்டு வந்தவர்கள் நாங்கள். செருப்பை எங்கே கழற்றுவார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா? தூசி படாமல் துணியும் போர்த்தினீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி விலகும். நாங்கள் பார்த்துவிட்டுப் போவோம்.

அக்காவுக்கு முழங்காலில் ஒப்பரேஷன் நடந்தது. தொடையிலிருந்து கணுக்கால் வரை கட்டு. காலை மடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று மாதமாகத் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் எடுக்காமல் அவள் வாடிப்போயிருந்தாள். எங்கள் வீடு தெல்தெனியவுக்கு மேலே. சபைக்குக் கண்டிவரை வர வேண்டும். திருவிருந்து ஞாயிறு காலையில் உங்களுக்குப் போன் எடுத்து வேன் கேட்டேன்.

“சீட்டிலை பொலித்தீன் கூட இன்னும் கழட்டேல்லை, தம்பி. காலிலை மருந்து ஊறினா சீட்டிலை மணம் பிடிச்சிடும். அக்காவை வீட்டிலை இருந்து ஜெபிக்கச் சொல்லும். ஓம், நானும் ஜெபிக்கிறன்.”

பொலித்தீன் போட்டிருக்கும்போது சீட்டில் எப்படி மருந்து ஊறும் என்று நான் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டீர்கள்.

நான் கத்தினேன். அக்கா கேட்டாள்: “நீ ஏன்டா கத்துற? நா வேனப் பாக்கவா போறேன்? ஆட்டோவ எடு.”

பின்சீட்டில் அவளைக் குறுக்காக உட்காரவைத்து, காலுக்கடியில் பலகை கொடுத்து, பழைய சேலையால் கட்டினேன். பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மழைக்கு அதன்மேல் ஒரு ஷொப்பிங் பேக்கை மாட்டினேன். ஊர்ந்து ஊர்ந்து வந்தோம். சந்தியில் நின்ற ஆட்டோக்காரன் ஒருவன், “என்னாண்ணே, கால மட்டும் டெலிவரி பண்றீங்களா?” என்றான். அக்காதான் அதிகமாகச் சிரித்தாள்.

சபை வளவில் கூரையுள்ள ஒரே இடத்தில் உங்கள் வேன் நனையாமல் நின்றது. ஆட்டோவை ரோட்டில் நிறுத்தச் சொன்னார்கள். அக்காவைக் கதிரையில் வைத்து நாலு பேர் மழையில் தூக்கிக்கொண்டு போனோம். நனைந்த கட்டோடு அவள் அப்பத்தை வாங்கினாள். கண்ணை மூடினாள். அந்த முகத்தைப் பார்த்து என் கோபமே கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டது. அன்று உங்கள் பிரசங்கம், முழு இருதயத்தோடும் கர்த்தரில் அன்புகூருவதைப் பற்றி. குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் பேசினீர்கள்.

அடுத்த திருவிருந்துக்கும் அக்கா வருவாள். கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. பலகையில் காலை நீட்டிக்கொண்டு வருவதா, தன் தோடு போன வேனில் வருவதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். போனில் வேண்டாம். வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டு என் காதில் சொல்லவும் வேண்டாம். என்னை நிறுத்திய அதே இடத்தில் நின்று, அதே மைக்கில் சொல்லுங்கள்: அந்த வேன் யாருக்கு?

சபை கேட்கட்டும்.