அக்கா வரையாமல் விட்ட வீடு

என் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வராது. முப்பது வருஷமாக நகராட்சியில் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கிறாள். வீடு கட்டினாலும் கடை கட்டினாலும், மழைத்தண்ணீர் அந்த மனையிலிருந்து எங்கே போகும் என்று குடைவதுதான் அவள் பிழைப்பு. ஓடைக்கரையிலிருந்து பத்து மீட்டருக்குள் ஒரு செங்கல் வைக்க விடமாட்டாள். கூரைத்தண்ணீர் இறங்க மனையில் குழி இல்லையென்றால் கோப்பு திரும்பி வந்துவிடும், ஓரத்தில் சிவப்பு மையில் ‘தண்ணீர் எங்கே?’ என்று எழுதி. அவளுக்குப் பெயரே ‘தண்ணீர் எங்கே’ என்று ஆகிவிட்டது. முதுகுக்குப் பின்னால்தான். நேரில் சொல்ல எவனுக்கும் துணிச்சல் கிடையாது.

மழை வந்தால் மற்றவர்கள் வீட்டுக்குள் ஓடுவார்கள், இவள் தெருவுக்கு ஓடுவாள். தண்ணீர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று முக்குக்கு முக்கு நின்று பார்த்து, ஈரமான நோட்டில் அம்புக்குறி போடுவாள். இப்படி ஆறு மழைக்காலம் அலைந்து எங்கள் பகுதி முழுவதற்கும் ஒரு படம் வரைந்து முடித்தாள். நகராட்சி அதையே விதியாக்கிக்கொண்டது. உன் மனையிலிருந்து கிளம்பும் அம்பு கீழே இருக்கும் ஒரு வீட்டில் போய் முட்டினால், உன் மனையில் மூன்றில் ஒரு பங்கு மண்ணாகவே கிடக்க வேண்டும். சிமெண்ட் போடக் கூடாது.

அப்பா விட்டுப்போன நிலத்தில் மேல்பாதி எனக்கு, கீழ்ப்பாதியும் பழைய வீடும் அவளுக்கு. அந்த வீட்டு முன்னறையில் அவள் புருஷன், எங்கள் மாமா, தையல் மெஷின் போட்டிருக்கிறார். என் பாதியில் பஸ் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப். பெரிய ரோட்டில் புதிதாக வந்த ஒருவன் என் வேலையை எல்லாம் வாரிக்கொண்டு போன சமயத்தில், ஒரு பஸ் கம்பெனி எட்டு வண்டியை என்னிடம் விட முன்வந்தது. ஒரே நிபந்தனை: வண்டி சேற்றில் நிற்கக் கூடாது, பின்பக்கம் முழுக்க சிமெண்ட் தரை வேண்டும். அது கிடைக்காவிட்டால் நானும் என் பதினோரு ஆட்களும் கடையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

அக்காவிடம் போய்க் கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊருக்கு ஒரு சட்டம், தம்பிக்கு ஒரு சட்டமா என்றாள். மாமா எனக்காக ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் ஒரு பார்வை பார்த்தாள், அவர் அவசரமாக மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். கூடப் பிறந்தவளோடு எத்தனை காலம்தான் மாரடிப்பது?

விண்ணப்பம் போட்டேன். தம்பி கோப்பு என்பதால் அவளே விலகிக்கொண்டாள். புது அதிகாரி ஒருவர் தலைமையில் மூன்று பேர் விசாரித்தார்கள். மேஜையில் அவள் படத்தை விரித்தபோதுதான் கவனித்தேன். என் பின்முற்றத்திலிருந்து மூன்று அம்புகள் கீழே இறங்குகின்றன. இறங்கிய இடம் வெறும் வெள்ளை. தெருவில் உள்ள கழிப்பறை, விறகுக் கொட்டகை வரைக்கும் கட்டம் போட்டிருக்கிறாள், தன் வீட்டை மட்டும் போடவில்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. தன் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் விதி போட்டாள் என்று எவனும் சொல்லிவிடக் கூடாதாம். எப்பேர்ப்பட்ட திமிர் பாருங்கள்.

அவள் படம் என்றால் அந்த ஆபீசில் யாரும் நேரில் போய்ச் சரிபார்ப்பதில்லை. புது அதிகாரி வெள்ளையில் விரலை வைத்தார்.

“கீழ என்னங்க இருக்கு?”

“காலி மனைங்க.”

நாக்குக் கூசவில்லை. விண்ணப்பம் போட்டவரின் உறவுக்காரர்கள் உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி. அவள் கதவுக்கு வெளியே பெஞ்சில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கே அனுமதி கிடைத்துவிட்டது.

சிமெண்ட் போட்டேன், பஸ்கள் வந்தன. அக்கா தினமும் என் கேட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போவாள், மூன்று மாதமாக ஒரு பேச்சு இல்லை. தோற்றுப்போன கோபம் என்று நினைத்து, உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

பிறகு ஒரு மத்தியானம் இரண்டு மணி நேரம் மழை கொட்டித் தீர்த்தது. முன்பெல்லாம் முற்றத்து மண் குடித்த தண்ணீர், இப்போது சிமெண்ட் தரையில் வழுக்கிக்கொண்டு என் பின்கேட்டுக்கு அடியில் புகுந்து போனது. எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். ஓடினேன்.

முன்னறையில் முழங்கால் அளவு தண்ணீர். மெஷினின் மோட்டார் முங்கிவிட்டது. மாமா துணி வெட்டும் மேஜை மேல் காலை மடக்கி உட்கார்ந்து, ஊராருடைய துணிகளை மடியில் அள்ளி வைத்திருந்தார். இவள் என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? சுவரில் டேப்பை வைத்துத் தண்ணீரின் உயரத்தை அளந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாளியை எடுத்து இறைக்க ஆரம்பித்தேன்.

“வாளியக் கீழ வை.”

மாமாவையாவது என் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். அவள் நோட்டை மூடினாள்.

“விசாரணையில நீ சொன்னதெல்லாம் எழுத்துல இருக்கு. அடுத்த வாரமே படிச்சிட்டேன்.”

அப்போதே மேலே எழுதியிருந்தால் அனுமதி ரத்தாகியிருக்குமே, வேண்டுமென்றேதானே வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கத்தினேன். அவள் குரல் உயரவில்லை.

“வீட்டப் படத்துல போடாதது என் திமிரு. அதைச் சொல்லிக்கிட்டு யார்கிட்ட போய் நிக்கறதுன்னு சும்மா இருந்தேன். அதுக்கு நான் அனுபவிக்கிறேன். நீ பொறந்த வீடுடா இது. காலி மனையில உனக்கு என்ன வேலை? போ.”

எப்போதும் எனக்காகப் பேச வாயெடுக்கும் மாமா, தலை நிமிராமல் மடியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார்.